பளுப்பயிற்சியும் தேகபலமும்

தேகப்பயிற்சியைப்பற்றி எழுதப் புகுவோர் பீமனையும் சிம்சோனையும் முன்னிறுத்தித் தொடங்குவது வழக்கம். நாம் அவ்வாறு செய்யத் துணியவில்லை. பீமனது பலம் பிறப்பால் வந்தது. சிம்சோனது பலம் வரத்தால் வந்தது. நமது கலாசாலையிற் பயிலும் சாதாரண வாலிபனுக்கோ இவ்விரண்டும் இல்லை. அவனிடம் உள்ளவை மெலிந்த தோள்களும், புத்தகத்தின்மேற் கவிந்து வளைந்த முதுகும், வருஷந்தோறும் கலாசாலை திறக்கும்போது உண்டாகும் ஓர் உற்சாகமுமே. அவ்வுற்சாகம் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதையும் நாம் கண்டு வருகிறோம். ஜூலை மாதத்து மாலைகளில் தேகப்பயிற்சிச் சாலையில் நிற்க இடமிராது. செப்டம்பரிலோ இரும்புத் தட்டுகளின்மேல் தூசி படிந்திருக்கும். இவ்விரு மாதங்களுக்கும் இடையே நிகழ்வது யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

பிறரைக் குறைகூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாணவராயிருந்த காலத்தில் நாமும் மும்முறை தொடங்கி மும்முறை விட்டோம். முதலிரண்டு முறையும் சோம்பலே காரணம். மூன்றாம் முறை காரணம் வேறு. அருகில் நின்ற தோழர் தரையினின்று 80 கிலோ தூக்கினார். 50 கிலோவுக்கு மேல் தூக்கியறியாத நாமும், அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரே காரணத்தால், 80 கிலோவையே பற்றினோம். கோல் முழங்காலளவு வந்தது. முதுகு வில்லாக வளைந்தது. பின்னர் மூன்று வாரம் செருப்பின் வாரை மாட்டக் குனிய இயலாமற் போயிற்று. நான்காம் முறை தட்டு ஒன்றும் கோக்காத வெறுங்கோலுடன் தொடங்கினோம். தோழர் சிலர் நகைத்தனர். அம்முறை தொடங்கியதே இன்றளவும் நடந்து வருகிறது.

பலத்தை எவ்வாறு படிப்படியாகப் பெறலாம் என்பதற்கு மேனாட்டார் கூறும் பழங்கதை ஒன்றுண்டு. இத்தாலியின் தென்பாகத்தில் கிரேக்கர் குடியேறியிருந்த குரோட்டோன் நகரத்தில், கி. மு. ஆறாம் நூற்றாண்டில், மைலோ என்னும் மல்லன் வாழ்ந்தான். ஒலிம்பிய விளையாட்டில் ஆறுமுறை மற்போர் வென்றவன் அவன். அவன் ஒரு கன்றுக்குட்டியை நாடோறும் சுமந்து வந்தானென்றும், கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, ஈற்றில் முழு எருதையே சுமந்தானென்றும் கூறுவர். கதை அழகியது, ஆயின் முழுவதும் நம்பத்தக்கதன்று. கன்று தன் விருப்பப்படி வளரும். சுமப்பவனுடைய தசை இன்று ஆயத்தமா அன்றா என்று அது கேட்பதில்லை. மைலோவின் பலம் வளர்வதற்குள் கன்று அவனை விஞ்சியிருக்கும். இருப்பினும் கதையின் உட்கருத்து மெய்யே: நேற்றைய சுமையினும் இன்றைய சுமை சிறிதளவு மிக்கிருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு எதிரிடையான ஓர் உதாரணம் உண்டு. தென்மாவட்டங்களிற் பல கிராமங்களில் இளவட்டக்கல் என்றொரு கல் கிடப்பதை அன்பர் பலர் கண்டிருக்கலாம். உருண்டு வழுவழுப்பாய், பிடிப்பதற்கு இடமில்லாதிருக்கும் அக்கல்லைத் தூக்கித் தோளுக்குப்பின் எறிபவனே மணத்திற்குரிய காளையென்று முன்னோர் மதித்தனர். இன்றும் பொங்கற் பண்டிகையின்போது சில ஊர்களில் அக்கல்லைத் தூக்கும் போட்டி நடைபெறுகின்றது. அது பலத்தை அளக்கும் கருவி. பலத்தை உண்டாக்கும் கருவியன்று. இன்று தூக்க இயலாதவனுக்கு அது நாளைக்கு இலேசாகப் போவதில்லை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை முதலிய நம் பழம்பயிற்சிகளை நாம் இகழ்வதில்லை. தொடக்கக்காரனுக்கு அவை மிக நல்லவை. ஆயினும் அவற்றிற் சுமை பெரும்பாலும் ஒரே அளவினது. பத்துத் தண்டால் எடுத்தவன் ஐம்பது எடுக்கலாம், நூறும் எடுக்கலாம். அங்ஙனம் எண்ணிக்கையைக் கூட்டுவதால் களைப்பைத் தாங்கும் திறன் பெரிதும் வளரும், பலமோ ஓரளவில் நின்றுவிடும்.

கன்றைப்போல் வளர்வதாயும், கல்லைப்போல் நம் சொற்படி கிடப்பதாயும் ஒரு சுமை வேண்டும். தட்டுகளைக் கழற்றிக் கோக்கக்கூடிய இரும்புக்கோலே அது. போட்டிகளில் ஆடவர்க்கு வழங்கும் கோல் மட்டும் 20 கிலோ எடையுடையது. 1.25 கிலோ தட்டு இரண்டினை இருபுறமும் கோத்தால் எடை 2.5 கிலோ மிகும். இச்சிறு தட்டைப் புதியவர் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சாலையின் மூலையில் அது அநாதையாய்க் கிடக்கும். நம் மதிப்பில் அச்சாலையிலுள்ள பொருள்களுள் விலையேறப்பெற்றது அதுவே.

இம்முறையை வைத்திய சாஸ்திரத்திற்குள் கொணர்ந்த பெருமை தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க வைத்தியருக்கு உரியது. இளமையில் வாதசுரத்தால் நெடுநாள் படுக்கையிற் கிடந்த அவர், பின்னர் பளுத்தூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, சிக்காகோ நகரத்து இராணுவ வைத்தியசாலையில், முழங்கால் சிதைந்த போர்வீரர் பலர் மாதக்கணக்காய்த் தேறாது கிடந்தனர். மெலிந்த காலுக்கு இலேசான சுமையைப் பலமுறை அசைக்கக் கொடுப்பதே அக்காலத்து வழக்கம். டிலார்ம் அதனை மாற்றினார். இரும்பாற் செய்த பாதரட்சையிற் பளுவைப் பூட்டி, பத்துமுறை மட்டுமே தூக்க இயலும் அளவுக்குச் சுமையை வைத்து, பலம் கூடக் கூடச் சுமையையும் கூட்டினார். வீரர் விரைவில் தேறினர். 1945-ம் வருஷத்தில் அவர் இதனை வெளியிட்டார். முதலில் ஏழு முதல் பத்து வரிசைகள் செய்வித்தவர், 1948-ல் மூன்று வரிசையே போதுமென்று குறைத்தார்: உச்சச் சுமையிற் பாதி, முக்கால், முழுமை என மூன்று, ஒவ்வொன்றிலும் பத்துமுறை. உலகமெங்கும் பயிற்சிச் சாலைகளிற் கேட்கப்படும் ‘மூன்று வரிசை, பத்துமுறை’ என்னும் வாய்பாட்டிற்கு வேர் இங்கேதான் உள்ளது. மல்லர் கூடத்துப் பழக்கம் நோயாளியின் கட்டிலருகே சோதிக்கப்பட்டு மெய்யெனத் தேறியது குறிப்பிடத்தக்கது.

இனி, சுமை கூடும்போது உடலினுள் நிகழ்வது யாதென நோக்குவோம். நம் தசைகள் நுண்ணிய இழைகளாலாயவை. மூளையினின்றும் தண்டுவடத்தின் வழியாக வரும் நரம்பொன்று சிலவோ பலவோ இழைகளைத் தன் ஆட்சியில் வைத்திருக்கும். அது கட்டளையிட்டால் அவ்விழைகள் யாவும் ஒருங்கே சுருங்கும். இக்கூட்டங்களிற் சிறியனவும் உண்டு, பெரியனவும் உண்டு. காகிதத்தை எடுக்கச் சிறு கூட்டங்களே அழைக்கப்படும். பாரம் மிக மிகவே பெரிய கூட்டங்கள் எழும். ஆதலின் இலேசான டம்பெல்லைக் களைப்பின்றி வீசிக்கொண்டிருப்பவன் தன் பெரும்படையை ஒருபோதும் துயிலெழுப்புவதில்லை.

தொடக்கக்காரன் அறியவேண்டிய மற்றோர் உண்மையும் உளது. முதற் சில வாரங்களில் அவன் தூக்கும் எடை வியக்கத்தக்கவாறு உயரும். நாடாவை எடுத்துப் புயத்தை அளந்தாலோ யாதொரு மாற்றமும் தெரியாது. இஃது ஏன்? முதலிற் கற்றுக்கொள்வது தசையன்று, நரம்பு. எந்தக் கூட்டங்களை எப்போது அழைப்பது, எவற்றை எதிர்த்து இழுக்கவிடாது அடக்குவது என்பதனை அது பழகிக்கொள்கிறது. 1979-ம் வருஷத்தில் மோரிதானி, டிவ்ரீஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் தசையின் மின்னோட்டத்தை அளந்து, தொடக்கத்திற் கிடைக்கும் பலத்தில் நரம்பின் பங்கே மிகுதியென்றும், தசை பருப்பதன் பங்கு வாரங்கள் செல்லச் செல்லவே ஓங்குகிறதென்றும் காட்டினர். நம் மாணவர் செப்டம்பரில் விட்டுவிடுவதற்கு இதுவே தலையாய காரணமென்று நாம் கருதுகிறோம். அவர் நாடோறும் கண்ணாடியைப் பார்க்கிறார், கண்ணாடி ஒன்றும் சொல்வதில்லை, ஏமாற்றமடைந்து போகிறார். பார்க்கவேண்டியது கண்ணாடியையன்று, குறிப்புப் புத்தகத்தை. தசை பருக்கத் தொடங்கும் தறுவாயில் விட்டுப்போவது, கதிர் வாங்கும் வயலை மேயவிட்டுச் செல்வதை ஒக்கும்.

பயிற்சியின் முறையைச் சொல்வோம். அசைவுகள் ஐந்து போதும். கோலைப் பிடரிக்குக் கீழே தோள்களின்மேல் ஏந்தி உட்கார்ந்து எழுதல் ஒன்று. தரையிற் கிடக்கும் கோலைப் பற்றி நிமிர்தல் ஒன்று. பலகையின்மேல் மல்லாந்து கிடந்து மார்பினின்று மேலே தள்ளுதல் ஒன்று. நின்றவாறே தோளினின்று தலைக்குமேல் உயர்த்துதல் ஒன்று. குனிந்து நின்று கோலை வயிற்றண்டை இழுத்தல் ஒன்று. பயிற்சிச் சாலைகளில் முதலதை ஸ்குவாட் என்றும் இரண்டாவதை டெட்லிப்ட் என்றும் வழங்குவர். முன்கையைப் பருக்கவைக்கும் சிறு அசைவுகளிலேயே புதியவர் மனம் செல்வது இயல்பு. அவற்றை முற்றும் விலக்கவேண்டுவதில்லை. ஆனால் விருந்தில் ஊறுகாய்க்குரிய இடமே அவற்றிற்கு உரியது.

திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள். ஒரு நாள் உட்கார்ந்து எழுதல், மார்பினின்று தள்ளுதல், தரையினின்று தூக்குதல். மறு நாள் உட்கார்ந்து எழுதல், தலைக்குமேல் உயர்த்துதல், வயிற்றண்டை இழுத்தல். இவ்வாறு மாறிமாறி வரலாம். ஒவ்வொன்றிலும் ஐந்துமுறை கொண்ட வரிசை மூன்று. தரையினின்று தூக்குதல் மட்டும் கடினமாதலின் ஒரு வரிசையே போதும். அதனைக் கோலின் உயரம் சரியாயிருக்கும் பொருட்டுச் சிறு மணைகளின்மேல் வைத்துத் தொடங்குதல் நலம். வரிசைகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிஷம் அமரலாம், அது சோம்பலன்று. பதினைந்து முறையும் ஒழுங்காய் முடிந்தால் அடுத்த நாள் 2.5 கிலோ கூட்டுக. கைகளாற் செய்யும் அசைவுகளில் அதனினும் குறைவாகக் கூட்டுதல் நன்று. முடியவில்லையாயின் அதே எடையில் மீண்டும் முயல்க. மும்முறை தவறின், பத்திலொரு பங்கைக் குறைத்து, மீண்டும் ஏறிவருக.

கணக்கில் வல்ல மாணவர் இதனைப் பெருக்கிப் பார்ப்பர். வாரம் மும்முறை, முறைக்கு 2.5 கிலோ, 12 வாரம்: 90 கிலோ. வெறுங்கோலின் 20 கிலோவுடன் கூட்ட 110. ஒரே பருவத்தில் இதுவா என்று ஐயுறல் இயல்பே. இடையே தடைபடாது இவ்வளவையும் எட்டுவோர் சிலரே; சுரம் வரும், பரீட்சை வரும், ஏறிய எடையினின்று இறங்கவும் நேரும். ஆனால் பாதியே எட்டினாலும் 65 கிலோ ஆகின்றது. விடுதி மாணவர் பலருடைய உடலின் எடையே அதற்குக் குறைவு. இவ்வேகமும் என்றும் நில்லாது. சில மாதங்களுக்குப்பின் வாரத்திற்கு ஒருமுறை, பின்னர் மாதத்திற்கு ஒருமுறை என ஏற்றம் தளரும். தளர்வது தோல்வியன்று, தொடக்கக்காரன் என்னும் நிலையைக் கடந்ததற்கு அதுவே அடையாளம்.

நமது முதுகு வளைந்த கதையைச் சொன்னோமன்றோ? அதன் காரணத்தைப் பௌதிக மாணவர் எளிதில் உணர்வர். பாரம் உடலினின்று எவ்வளவு தூரம் விலகி நிற்கிறதோ அவ்வளவுக்கு இடுப்பின்மேல் நெம்புகோல் நீளும். கோல் முன்னங்காலை உரசிக்கொண்டே மேலேறுமாயின் நெம்பு குறுகும். ஒரு சாண் விலகினால் அதே 50 கிலோ வேறு பாரமாகிவிடும். முதுகு வளைந்தபடி பாரத்தைத் தாங்கினால் கீழ்முதுகின் எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் ஒருபுறமாய் நசுக்குண்ணும். ஆகவே தூக்குமுன் மார்பை நிமிர்த்தி, மூச்சை நிறைய வாங்கி, வயிற்றை இறுக்கி, பாரம் கடினமான இடத்தைத் தாண்டியபின் மூச்சை விடுக. இரத்த அழுத்தம் மிக்கோர் மூச்சை அடக்கிப் பளுத்தூக்குமுன் வைத்தியரைக் கேட்டல் அவசியம். பலகையிற் கிடந்து தள்ளும்போது கட்டைவிரல் கோலைச் சுற்றியிருக்கவேண்டும். தலைமாட்டில் ஒருவர் நிற்கவேண்டும். தனியே தள்ளி, கோல் மார்பின்மேல் விழ, எழவியலாது திகைத்தோர் உண்டு.

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தசைகள் வலிக்கும். தசையிற் புளிப்புச் சத்துத் தேங்குவதால் இவ்வலி வருகிறதென்பது நெடுநாளைய தவறு. அச்சத்து ஏறக்குறைய ஒருமணி நேரத்திலேயே இரத்தத்தாற் கழுவப்பட்டுவிடும். பழகாத வேலையால் இழைகளில் நேர்ந்த நுண்ணிய சிதைவும், அதனைச் செப்பனிடும் வேலையுமே காரணம். இரண்டு மூன்று வாரத்தில் இது வெகுவாய்க் குறையும். மூட்டில் ஊசி குத்தினாற்போன்ற வலி வேறு. அது வந்தால் நிறுத்துக.

பளுத் தூக்கும்போது பலம் வளர்வதில்லை, ஓய்விலேதான் வளர்கிறது. இரவு ஒரு மணிவரை விழித்திருந்து, காலையிற் பயிற்சிக்கு வரும் மாணவர் வங்கியிற் பணம் போடாமலே வட்டி கேட்பவரை ஒப்பர். உணவைப்பற்றியும் ஒரு வார்த்தை. விடுதியில் சோறு நிறைய உண்டு, புரதமே குறைவு. பயிற்சி செய்வோருக்கு உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் வரையிற் புரதம் பயன்தருமென்றும், அதற்குமேல் உண்பதாற் பெரும்பாலோர்க்கு மிகுபயன் காணப்படவில்லையென்றும் 2018-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 96 கிராம். முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம். 100 கிராம் வேர்க்கடலையில் 25. சமைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் 22. ஒரு தம்ளர் பாலில் ஆறு அல்லது ஏழு. குழம்பின் தெளிவை ஊற்றிக்கொண்டு அடியிலுள்ள பருப்பைப் பிறர்க்கு விடும் நாகரிகத்தை நம் மாணவர் சற்றே கைவிடலாம்.

இவ்விடத்தில் நமக்குள்ள ஒரு மனத்தாங்கலை மறைக்க விரும்பவில்லை. சில பயிற்சிக் கூடங்களில், சேர்ந்து மூன்று மாதமும் ஆகாத பிள்ளைகளிடம், மாவு டப்பாக்களையும், அவற்றோடு நில்லாது ஊசி மருந்துகளையும் காதோடு காதாய் விற்கின்றனர். ஆண்மைச் சுரப்பை ஒத்த அம்மருந்துகள் தசையைப் பருக்கச் செய்வது மெய்யே. பொய்யென்று சொல்லி அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. ஆயின் வெளியிலிருந்து சுரப்பு வந்தால் உடல் தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விரைகள் சுருங்கும், பிள்ளைப்பேறு தடைப்படலாம். இதயத்தின் சுவர் தடிக்கும், ஈரல் கெடும், இரத்தக் கொழுப்பின் நிலை தாறுமாறாகும். 1976-ம் வருஷத்து மாண்ட்ரியால் ஒலிம்பிய விளையாட்டு முதற்கொண்டு இம்மருந்துகளுக்கெனச் சோதனை நடந்து வருகிறது. பத்தொன்பது வயதில், தன் உடலிலேயே சுரப்பு நிறைந்து ததும்பும் பருவத்தில், அதனை விலைகொடுத்து வாங்கிக் கெடுத்துக்கொள்வதைப் போன்ற பேதைமை வேறில்லை. அங்ஙனம் வாங்கிய மாணவரொருவர் நம்மிடம் வந்து நெஞ்சு படபடக்கிறதென்று கூறியதுண்டு. விற்றவர் அவருடைய வயதைக்கூடக் கேட்கவில்லையாம்.

மாணவியர் இப்பயிற்சியிற் சேர அஞ்சுகின்றனர். ஆடவரைப்போல் உடல் முரடாகிவிடுமென்பது அச்சத்தின் காரணம். அதற்கு வேண்டிய சுரப்பு பெண்களிடம் ஆடவரினும் பன்மடங்கு குறைவு; பலம் பெருகும், முரட்டுத்தனம் வாராது. 2000-ல் ஸிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிய விளையாட்டில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. நம் வேலூர்ச் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் விளையாட்டிற் பொற்பதக்கம் வென்றதும் அன்பர் அறிந்ததே. இவர்களைப்போல் ஆகவேண்டுமென்று நாம் எவரையும் ஏவவில்லை. குடம் நிறைந்த நீரை மாடிக்கு எடுத்துச்செல்லும் பெண்ணும், 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வண்டியினின்று இறக்கும் தகப்பனும் இதே தசைகளைக்கொண்டே அவ்வேலையைச் செய்கின்றனர்.

பழைய மாணவர்கள், ‘எமக்கு வயதாயிற்றே’ என்று இப்பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. 1990-ல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில், சராசரி 90 வயதுள்ள பத்துப் பேர்க்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களுடைய கால்பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. வயோதிகரை வீழ்த்துவது பெரும்பாலும் தொடையின் பலக்குறைவே. நாற்காலியினின்று கையூன்றாது எழுவதும் ஒருவகைப் பஸ்கியன்றோ? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட அறிவுரையும் வயதுவந்தோர் யாவரும் வாரத்தில் இருநாளேனும் தசைகளுக்குப் பலந்தரும் பயிற்சி செய்யவேண்டுமென்றே கூறுகின்றது. 1952-ல் லண்டனில் உலக அழகனாகத் தம் உயரத்தாருள் முதன்மை பெற்ற வங்காளி மனோஹர் ஐச் நாலடி பதினோரங்குல உயரமே உள்ளவர். 104-வது வயதில், 2016-ம் வருஷம் காலமானார்.

பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் சரீரப் பயிற்சியின் பயன் சிறிதென்று கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, நம் ஆசிரியர் ஒருவர் எம்மை நயமாகக் கண்டித்தார். சிறிதென்றாரேயன்றி இல்லையென்று அவர் கூறவில்லை என்று பணிவுடன் விடையளித்தோம். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் 1920-லேயே சென்னையில் தேகப்பயிற்சிக்கென ஒரு கலாசாலையை ஹாரி குரோ பக் என்பாரைக்கொண்டு நிறுவியிருப்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

பரீட்சைக் காலத்தில் மூன்று வாரம் விட்டுப்போயிற்றே, இனி என்ன பயன் என்று கேட்போர் உளர். ஒருமுறை பெற்ற பலம் அவ்வளவு எளிதில் விலகாது. விலகினும், முதன்முறை வந்ததினும் விரைவாய்த் திரும்பும். விட்ட இடத்திலேயே தொடங்குவதுதான் தவறு. விட்ட எடையில் ஐந்திலொரு பங்கைக் குறைத்துத் தொடங்கி, முன்போல் 2.5 கிலோவாகக் கூட்டி வருக. பரீட்சை வாரத்திலும் வாரத்திற்கு ஒருமுறை, அரைமணி நேரம், இரண்டு அசைவுகள் மட்டும் செய்தால் பெற்ற பலம் பெரும்பாலும் காக்கப்படும். குறிப்புப் புத்தகம் நாற்பது பக்கம் உள்ளதாயிருந்தாற் போதும். தேதி, அசைவின் பெயர், எடை, முடித்த எண்ணிக்கை, முந்தின இரவு உறங்கிய மணி: இவ்வைந்தும் ஒரு வரியில் அடங்கும். முதல் வரியில் எடைக்கு நேராக 20 கிலோ என்று எழுத எவரும் நாணவேண்டுவதில்லை. நம்முடைய புத்தகத்தின் முதல் வரியிலும் அதுவே எழுதியிருக்கிறது.